மறுத்தவர்: நோயாளி

“அண்ணி, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்களேன். டிவில என்ன பேசுறாங்கன்னே கேக்கல.”

நாத்தனார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோபாவில் காலை நீட்டியபடி, மின்விசிறியைக் குறைக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சமையலறையில் நின்றவள் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள். சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. வியாழக்கிழமை டயாலிசிஸ் இயந்திரம் வெளியே எடுத்த தண்ணீர் சனிக்கிழமைக்குள் மறுபடி உடம்பில் ஊறி நுரையீரலை எட்டிப் பார்க்கும். அதற்கு டிவி நிகழ்ச்சிகளின் நேரம் தெரியாது.

சனிக்கிழமை மதியம் அந்த வீட்டில் ஒன்பது பேருக்குச் சமையல். நாத்தனார் குடும்பம் வரும். அவள் தொடக்கூடாத உருளைக்கிழங்கை அவளே நறுக்கி, அவள் சேர்க்கக்கூடாத உப்பை அவளே போட்டு, பொரித்து எடுப்பாள்.

“உப்பு பாத்தீங்களா அண்ணி?”

“நான் எப்படிம்மா பாக்குறது? வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே.”

“அட ஆமால்ல. அதான் போன வாரம் சப்புனு இருந்துச்சு.”

கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுத்தார். “ஏய், அவள விடு. உடம்பு முடியாதவ. பாவம்.” தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணனின் நல்ல மனசு அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். திங்களும் வியாழனும் மனைவியை ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விட்டு, நாலு மணி நேரம் கழித்துக் கூட்டி வருவார். தங்கமான மனுஷன் என்று எதிர்வீட்டுக்காரி தன் கணவனிடம் வாரம் இரண்டு முறை சொல்லிக் காட்டுவாள்.

“மீன் ஆச்சா?” என்றார் தங்கமான மனுஷன்.

அவள் சனிக்கிழமை அந்த அடுப்படியில் நின்றிருக்கவே கூடாது. அது அவளுக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கு முன்பு மருத்துவமனையில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இயந்திரங்கள் குறைவு, நோயாளிகள் அதிகம் என்பதால் அங்கே எல்லோருக்கும் வாரம் இரண்டு நாள்தான் டயாலிசிஸ். மூன்றாவது நாளும் கொடுத்தால் எவ்வளவு நன்மை, யாருக்கு நன்மை என்று கண்டுபிடிக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கு மூடிய உறையில் குலுக்கல். சிலருக்குப் பழையபடி இரண்டு நாள். சிலருக்குச் சனிக்கிழமையும் சேர்த்து மூன்று.

படிவத்தை அவள்தான் நிரப்பினாள். பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். நோய் வந்தபின் வேலையை விட்டாலும் டயாலிசிஸ் பிரிவில் அவளுக்கு ‘டீச்சர்’ என்றுதான் பெயர். வயது, எடை, கையெழுத்து எல்லாம் அவளுடையது. தொடர்பு எண் மட்டும் கணவருடையது. அவளிடம் கைபேசி இல்லாமல் இல்லை. ஆனால் வங்கி, எரிவாயு, அவளுடைய பழைய பள்ளிக்கூடம் என எங்கே எண் கேட்டாலும் அவர் எண்ணைக் கொடுத்துத்தான் பழக்கம். கை அதுவாகவே எழுதிவிட்டது.

குலுக்கல் முடிவு அந்த எண்ணுக்கு வந்தது. சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரெண்டு நாள்தான் விழுந்திருக்கு.”

அவள் அழுதாள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். “அதிர்ஷ்டம் இல்லாட்டி போகட்டும். நான் இருக்கேன்ல” என்றார். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அவ்வளவு அன்பாகப் பேசியது அன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆய்வுப் பிரிவுப் பெண் அவர் அலுவலகத்தில் இருக்கும்போது அழைப்பாள். “சார், மேடம் நாளைக்கு வர்றாங்களா?”

“இல்லம்மா, அவ வேணாங்குறா. ரொம்ப அசதியா இருக்காம்.”

நோயாளியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஆய்வின் தலையாய நெறி. அந்தப் பெண் அதை மீறவில்லை. ‘மறுத்தவர்: நோயாளி’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த எண்ணை அழைப்பாள். யாருக்கு எந்தக் குழு விழுந்தது என்ற பட்டியலை வார்டு சிஸ்டர்களிடம் காட்டக் கூடாது என்பது இன்னொரு நெறி. அதையும் யாரும் மீறவில்லை. ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஓர் அழைப்பைக்கூடத் தவறவிடாத கணவரைப்போல ஒழுங்கானவர் அந்த ஆய்விலேயே இல்லை.

பக்கத்துக் கட்டிலில், முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் படுப்பார். டிரைவர் அண்ணன். அவருக்கு மூன்று நாள். முகத்தில் தெளிவு வந்து, மாடிப்படி ஏற ஆரம்பித்து, கடைசியில் நர்ஸ்களைக் கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டார்.

“சனிக்கிழமை உங்களக் காணோமே டீச்சர். மத்தியான ஷிப்டா?”

“எனக்கு ரெண்டு நாள்தாண்ணே.”

“அப்ப நமக்கு யோகம்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரி நாலு மணி நேரமும் வெளியில உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டிருப்பா. அதுவே பாதி வைத்தியம்.”

அவள் சிரித்தாள். அந்த வருடத்தில் இரண்டு தடவை மூச்சு முட்டி அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. குலுக்கல் என்றால் குலுக்கல்தானே, யாரை நோவது என்று இருந்தாள். கணக்கு டீச்சர்களுக்கு நிகழ்தகவின் மேல் ஒரு மரியாதை உண்டு.

ஆய்வு முடிந்தது. முடிவைச் சொல்ல மருத்துவமனை அரங்கத்தில் கூட்டம் போட்டு, நோயாளிகளையும் குடும்பத்தாரையும் வரச் சொன்னார்கள். ஆய்வை நடத்திய பெரிய டாக்டர் திரையில் படங்களைக் காட்டினார். மூன்று நாள் பெற்ற ஆண்கள் வெகுவாகத் தேறியிருக்கிறார்கள். மூன்று நாள் பெற்ற பெண்களுக்கும் இரண்டு நாள் பெற்ற பெண்களுக்கும் வித்தியாசமே இல்லை.

“பெண்களோட உடம்பு ரெண்டு நாளையே நல்லா தாங்குது. இயற்கையே அவங்களுக்கு ஒரு தாங்கு சக்தியக் குடுத்திருக்கு” என்றார் டாக்டர். “அதனால, இனிமே சனிக்கிழமை இடங்கள ஆண்களுக்கு முன்னுரிமையா ஒதுக்கலாம்னு பரிந்துரை பண்றோம்.”

கைதட்டல் எழுந்தது. தாங்கு சக்தி உள்ள பெண்களும் தட்டினார்கள், ஊசி குத்தாத கையால் தொடையில்.

“பாத்தியா? நீ சும்மா கவலப்பட்ட” என்றார் கணவர்.

பிறகு சான்றிதழ். மூன்று நாள் குழுப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஏழாவதாக அவள் பெயர். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

“இந்தாங்க, தப்பா கூப்பிடுறாங்க. போய்ச் சொல்லிட்டு வர்றேன்” என்று எழுந்தாள். கணவர் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தார். “உக்காரு. வீட்ல போய் பேசிக்கலாம்.”

தவறு எங்கே என்று அவளுக்கு அந்தப் பிடியில்தான் தெரிந்தது. தலைப்பை விடுவித்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

ஆய்வுப் பிரிவுப் பெண் சான்றிதழை நீட்டினாள். “மேடம், உங்களுக்குத்தான் வாராவாரம் போன் பண்ணேன். ஒரு தடவையாவது வந்திருக்கலாம்ல?”

“நான் என்ன சொன்னேன்?”

“வேணாம்னு. அசதின்னு.”

“என் குரல்ல சொன்னேனா?”

அந்தப் பெண்ணின் பார்வை அரங்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்த நாலாவது வரிசைக்குப் போய்த் திரும்பியது.

டீச்சர் கீழே இறங்கவில்லை. மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மேடையிலிருந்தே, பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கிற பழைய குரலில், “மூணு நாள் குழுப் பொம்பளைங்க இருபத்திரண்டு பேரு இருக்கீங்க. சனிக்கிழமை ஒழுங்கா வந்தவங்க மட்டும் கை தூக்குங்க” என்றாள்.

ஐந்து கைகள். அவர்களில் நாலு பேர் தனியாக வாழ்பவர்கள். ஐந்தாமவளின் கணவருக்கு வெளியூரில் வேலை.

“மத்தவங்க, யார் நம்பர் குடுத்திருந்தீங்க?”

“வீட்டுக்காரரு.” “பையன்.” “கொழுந்தனாரு.” “எனக்கு ரெண்டு நாள்னுல்ல சொன்னாங்க!” என்று ஒரு கிழவி எழுந்தே நின்றுவிட்டாள். அவள் மகன் கைபேசியில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தான்.

பெரிய டாக்டர் பொறுமையானவர். “அம்மா, ஆய்வுக்குன்னு ஒரு முறை இருக்கு. உறையில எந்தக் குழு வந்துச்சோ, கடைசி வரைக்கும் அந்தக் குழுவுலதான் எண்ணுவோம். வந்தாலும் சரி, வராட்டியும் சரி. உலகம் பூரா இப்படித்தான்.”

“முறை சரிதான் டாக்டர். அந்த முறைப்படி நான் ரெண்டு தடவ மூச்சு முட்டி வந்தது, மூணு நாள் வைத்தியத்தோட தோல்வின்னுதான எண்ணியிருப்பீங்க? மூணாவது நாளால எங்களுக்குப் பலன் இல்லன்னு எழுதாதீங்க. மூணாவது நாள் எங்க கைக்கே வந்து சேரலன்னு எழுதுங்க.”

“முக்கியமான கருத்து” என்று டாக்டர் குறித்துக்கொண்டார்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் கணவர்தான் ஆரம்பித்தார். “நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட.”

“ஐம்பத்திரண்டு சனிக்கிழமைங்க.”

“உனக்கு அலைச்சலாகுமேன்னுதான். ஒரு நாளாவது வீட்ல இருக்கட்டும்னு நெனச்சது தப்பா?”

“வீட்லயா இருந்தேன்? அடுப்புல இருந்தேன்.”

“வாரத்துல ஒரு நாள் தங்கச்சி வர்றா. அவகிட்ட என்னன்னு சொல்லுறது? உனக்குத்தான் ரெண்டு நாளே போதும்னு டாக்டரே சொல்லிட்டாரே!”

அவள் அவரையே பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. டாக்டர் சொன்னதை மனதார நம்பினார். தான் உண்டாக்கிய முடிவைத் தனக்கே ஆதாரமாகக் காட்டுகிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

“பொய் சொன்னீங்க, சரி” என்றாள். “அன்னைக்கு எதுக்குங்க கண்ணத் தொடச்சு விட்டீங்க?”

அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அவளுடைய முக்கியமான கருத்து வீண்போகவில்லை. பத்தே நாளில் மருத்துவமனை நடவடிக்கை எடுத்தது. பெண்கள் மூன்றாவது நாளை அடிக்கடி மறுத்துவிடுவதால் இடங்கள் வீணாகின்றன. ஆகவே, இனிச் சனிக்கிழமை சிகிச்சை கேட்கும் பெண்கள், தவறாமல் அனுப்பிவைப்பதாகக் குடும்பப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதற்கென ஒரு புதுப் படிவமே அச்சிட்டார்கள்.

கணவரிடம் நீட்டினாள். “கையெழுத்துதான, போட்டாப் போச்சு” என்றார் அவர், பெருந்தன்மையாக. “இந்த வாரம் வேணாம். தங்கச்சி மாமியாரும் வர்றாங்களாம். அடுத்த வாரம் பாக்கலாம்.”

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் குளித்து, தலைவாரி, அடுப்பைப் பற்றவைக்காமல் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை நடக்க இருபது நிமிடம் ஆனது. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், சத்தமாகவே.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. டிரைவர் அண்ணன் தலையைத் தூக்கினார். “வாங்க டீச்சர், உங்களுக்கும் யோகமா?”

“இல்லண்ணே. கணக்கு.”

சிஸ்டர் எடை பார்த்தாள். முகம் மாறியது. கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி எழும்பவில்லை. “படிவம் எங்க டீச்சர்? அது இல்லாம நான் தொட முடியாது.”

எடுத்துக் கொடுத்தாள். பொறுப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் அவள் கையெழுத்து. நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில், ‘நானேதான்’.

சிஸ்டர் அதை இரண்டு முறை படித்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள். “இத ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா டீச்சர்?”

அவள் ஏற்கெனவே படுத்துக் கையை நீட்டியிருந்தாள்.

“ஊசியப் போடுங்க சிஸ்டர். ஒத்துக்க முடியாதுன்னா நாலு மணி நேரம் கழிச்சு வந்து சொல்லச் சொல்லுங்க.”