இரண்டு என்று சொன்னவன்

"வலி பத்துக்கு எத்தனைண்ணா?" என்று சிஸ்டர் நேற்றிலிருந்து ஆறு தடவை கேட்டுவிட்டாள். ஆறு தடவையும் தராசு, "ரெண்டு" என்றான்.

கடை கடையாகப் போய் எடை மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு ஊர் வைத்த பெயர் தராசு. மெஷினைச் சோதிக்கும் இருபது கிலோ எடைக்கற்களைத் தூக்கித் தூக்கியே முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி, முந்தாநாள்தான் கம்பியும் திருகும் வைத்துத் தைத்திருந்தார்கள். எண் கேட்டால் அவனுக்குத் தொழில்புத்தி முந்திக்கொள்ளும். பாத்திரத்தைத் தட்டில் வைத்து, பூஜ்யத்தை அழுத்தி, அப்புறம் அதில் போடுகிற பொருளின் எடையை மட்டும் படிப்பதுதான் அவன் வழக்கம். அப்படியே எட்டு வருடமாகக் கூடவே கிடந்த பழைய வலியைப் பாத்திரமாக்கிக் கழித்துவிட்டு, ஆபரேஷனால் புதிதாகக் கூடியதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். சிஸ்டர் என்ன கண்டாள், பாவம், சொன்னதை எழுதிக்கொண்டாள். காலையில் வந்த பெரிய டாக்டர் வரிசையாக ஆறு ரெண்டைப் பார்த்து, "இரும்பு மனுஷனய்யா நீ" என்று மெச்சினார். முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியாக மரத்துப்போகும் மருந்தை விட்டுக்கொண்டிருந்த குட்டி பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ரெண்டே பம்பின் தயவுதான் என்று தராசுக்கு அப்போது உறைக்கவில்லை.

மதியம் உறைத்தது. இடுப்பில் தொடங்கி இரண்டு கால்களிலும் இறங்கியது. இருமல் வந்துவிடுமோ என்று பயந்து எச்சில் விழுங்கினான். விழுங்கியதும் வலித்தது. கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்ப்பதுகூடப் பொறுக்கவில்லை.

"பத்து" என்றான்.

பக்கத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. "என்னது?"

"பத்துடி. சிஸ்டரக் கூப்பிடு."

அவள் எழுந்திருக்கவில்லை. இந்த வியர்வையையும் இந்த உதட்டுக்கடியையும் அவள் ஏற்கெனவே பார்த்தவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த வீரியமான வலி மாத்திரைக்கு அவர்கள் வீட்டில் 'மச்சான்' என்று பெயர். "மச்சான் வந்தாத்தான் எந்திரிப்பேன்" என்று விளையாட்டாக ஆரம்பித்தான், விளையாட்டு வினையாயிற்று. வலி தணிந்த பிறகும் மாத்திரை போகவில்லை. டாக்டர் மாற்றி டாக்டராகப் போய், "பத்து டாக்டர், பத்து" என்று அழுவான். இவள் பக்கத்தில் நின்று, "ஆமா டாக்டர், தூக்கமே இல்ல" என்று சாட்சி சொல்வாள். அத்தனையும் நடிப்பு என்று தெரிந்த அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள், பதினான்கு மாதம் கழித்து, அவன் அதை அடியோடு விட்ட பிறகுதான் திரும்பினாள். மச்சான் மறுபடி உள்ளே வந்தால் நான் வெளியே என்பது பேச்சு. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்ததும் அவள்தான். அது இல்லாமலே சமாளிக்க அவர் சொன்ன வழிதான் டிரிப்ஸில் ஏறும் மருந்தும் சாதா மாத்திரையும் அந்த பம்பும்.

"காலைல ரெண்டு. டாக்டர் அந்தப் பக்கம் போனதும் பத்தா?"

"பழசக் கழிச்சுட்டுச் சொல்லிட்டேன். பாத்திரத்த வெச்சு ஜீரோ பண்ணுவோம்ல, அது மாதிரி..."

சொல்லச் சொல்ல அவனுக்கே அது புளுகாகக் கேட்டது.

"கதை விடாதீங்க" என்றாள். "நான் நெறையக் கேட்டாச்சு."

தராசுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் நடிப்பு என்பாளே என்று அடக்கினான். அடக்கியதில் முதுகு இழுத்துக்கொள்ள, அலறிவிட்டான்.

சிஸ்டர் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கழிச்சு யாருண்ணா சொல்லச் சொன்னது? மயக்க டாக்டர் வந்துதான் பம்பை மறுபடி ஓட விடணும். அவர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார், ரெண்டு மணி நேரம் ஆகும்." மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பெரிய டாக்டர்கிட்ட போன்ல கேட்டு ஸ்ட்ராங் ஊசி ஒண்ணு போடலாம். அந்த மாத்திரை ஜாதிதான், உங்க விஷயம் தெரியும். ஒண்ணே ஒண்ணுதான், நாங்க பக்கத்துலயே இருப்போம். அஞ்சு நிமிஷத்துல கேக்கும்."

அஞ்சு நிமிஷம். அவன் நாக்கில் நீர் ஊறியது. வலியே இல்லாவிட்டாலும் ஊறியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். வலியைவிட அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மனைவி கட்டிலடியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றான். "பம்புதான். இருந்துக்கறேன்."

"முடியுமாண்ணா?"

"தெரியல. சிஸ்டர், கொஞ்ச நேரத்துல நானே கேப்பேன். கெஞ்சுவேன். அப்பவும் போடாதீங்க."

"சாதா மாத்திரை வேளை ஆச்சு, அதையாவது தர்றேன்" என்று சிஸ்டர் போனாள். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ டாக்டர்கள் முன்னால் நின்றிருக்கிறாள், இவன் எதையும் வேண்டாம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. பையைக் கீழே வைத்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள்.

"நம்பர் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று கையை நீட்டினாள். "புடிங்க."

பிடித்தான். அவள் விரல்கள் வெளுத்தன. மோதிரம் பக்கத்து விரலில் பதிந்து, அவள் கண்ணிலும் நீர் கோத்தது. வெளியே யாரோ வேகமாக நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். சத்தம் அறையைத் தாண்டி லிஃப்ட் பக்கம் போயிற்று.

"ஊசி..." என்றான் தராசு. "போடச் சொல்லு."

அவள் இன்னொரு கையையும் அவன் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.