ஆடில்லாதவன் ஓட்டு

மொட்டை முனையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அழகு, அழகு என்று வாயைப் பிளக்கிறார்கள். வருவது ஜூலையில். மார்ச்சில் வந்து நிற்கட்டும், தெரியும். அங்கே மரம் கிடையாது, வீடு கிடையாது. நியூஃபவுண்ட்லாந்துக் காற்று எதையும் நிற்க விடாது. கரும்பாறைக்கு மேலே சப்பட்டையாக ஒரு தரிசு, அதன் விளிம்பில் கலங்கரை விளக்கம். கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் வானத்தில் நட்டுக்கொண்டு தெரிவது அது ஒன்றுதான்.

அதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். பாறையில் செங்குத்தாக ஒரு சிவப்பு வெடிப்பு உண்டு. விளக்கை அந்த வெடிப்புக்கு நேர் மேலே நிறுத்திக்கொண்டு, நரித் தீவின் இரண்டு கொம்புப் பாறையும் ஒன்றை ஒன்று மறைத்து ஒன்றாகிற வரை படகைத் தள்ளினால், அடியில் ஒரு பார், கடலடிப் பாறைத் திட்டு. காட் மீன் அங்கே சந்தைக் கூட்டம் மாதிரி நெரியும். என் அப்பா கண்டுபிடித்த இடம். எங்கள் ஊரில் இந்த மாதிரிக் குறியை ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்ல மாட்டான். வேறு படகு கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மீனே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்திருப்பான். என் குறி தெரிந்த இன்னொரு ஆள் என் பெண்சாதி ஸ்டேசியா மட்டும். ஒரு வருஷம் என் கை ஒடிந்தபோது அவள்தான் துடுப்புப் போட்டாள். வேறு வழியில்லை.

இப்படி இருக்கையில் விளக்கு ஆபீஸிலிருந்து ஒருத்தன் வந்தான். கடல் முனையைத் தின்கிறதாம், விளக்கு விழுந்துவிடுமாம். உருளைக்கட்டை போட்டுக் கிழக்கே ஆட்டு மேய்ச்சலுக்கு நகர்த்தணுமாம். மேய்ச்சல் ஊர்ப் பொது நிலம், ஊர் சம்மதிக்கணும். சம்மதிக்காவிட்டால் விழுகிறபோது விழட்டும் என்று விட்டுவிடுவார்களாம். கடல் என் அப்பா காலத்திலிருந்தே தின்றுகொண்டுதான் இருக்கிறது. கோட்டுப் போட்டவன் சொன்னால் மட்டும் அது புதுச் செய்தி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஃபாதர் வாடன்தான் நடுவர். ஆட்டுக்கார கஸ் முதலில் எழுந்தான்.

"அங்க விளக்கை வச்சா என் ஆடு எங்க மேயும்? உங்க தலையிலயா?"

பிறகு நான் எழுந்தேன். "நகத்தக் கூடாது."

"லியாண்டர், உனக்குத்தான் ஆடே இல்லையேப்பா?" என்றார் ஃபாதர்.

"எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒருத்தன், "கம்பளிச் சட்டை போடுறாருல்ல ஃபாதர், அந்த நன்றி!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காரணத்தைச் சொன்னால் குறியைச் சொன்ன மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது எழுந்தான் என் மச்சினன் சிரில். ஸ்டேசியாவின் தம்பி.

"நானும் அத்தான் பக்கம்தான். நகத்தக் கூடாது."

"உனக்கு ஏதுடா ஆடு?" என்றான் கஸ்.

"இல்ல. எனக்கும் பிடிக்கல."

மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட இல்லை என்று சாதிக்கிறவன் அவன். அவனுக்கு ஏன் பிடிக்கவில்லை? எனக்கு மண்டைக்குள் சுருக்கென்றது. திரும்பி ஸ்டேசியாவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு சாட்சி வேண்டியதில்லை.

நகர்த்தணும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார் ஃபாதர். எண்ணினார். "பெரும்பான்மைக்கு ஒரு கை குறையுது," என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"லியாண்டர், இது நகத்தணுங்கிறவங்களுக்கு."

"எனக்குக் காது நல்லா கேக்குது ஃபாதர்."

சிரிலின் முகம் உப்புப் போட்ட மீன் மாதிரி வெளுத்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டேன். "எப்பச் சொன்ன அவனுக்கு?"

"அவனுக்கு மூணாவது பிள்ளை பொறந்தப்ப. நீங்க சிங்கி இறால் கூடு தூக்கப் போற நாள்லதான் அவன் அங்க போவான். உங்க மீனு ஒண்ணும் குறையல."

"என் அப்பன் இடம்டி அது!"

"உங்க அப்பன் என்ன கடலை விலைக்கா வாங்கினாரு? கத்தாதீங்க, ஊரே பாக்குது. இப்ப ரெண்டு வீட்டு அடுப்பிலயும் தண்ணியைக் கொட்டிட்டு வந்திருக்கீங்க. திருப்தியா?"

அந்த மாதம் முழுக்க அவள் வைத்த கஞ்சியைப் பேசாமல்தான் குடித்தேன்.

விளக்கை நகர்த்துவதற்கு முன்னால் பாருக்குப் போய் வேறு குறி கிடைக்குமா என்று பார்த்தேன். அந்த மொட்டைத் தரையில் என்ன கிடைக்கும்? கிழக்கே விளக்கு போன பிறகு, வெடிப்புக்கு மேலே வெறும் வானம்தான். நாள் முழுக்கக் கயிற்றில் ஈயக் குண்டை இறக்கிப் பாரைத் தேடித் துழாவினேன். அந்தப் பக்கம் சிரிலும் துழாவிக்கொண்டிருந்தான். இரண்டு குருடர்கள்.

ஒரு காலையில் படகிலிருந்து பார்க்கிறேன், முனையில் விளக்கு நின்ற பக்கமாக ஒரு கம்பம், அதன் உச்சியில் சிவப்புப் பீப்பாய். பிள்ளைகள் விளிம்புக்குப் போகாமலிருக்க எச்சரிக்கையாம். சிரில் ஊரில் அப்படிச் சொல்லி வைத்திருந்தான். அது எதற்கான குறி என்று எனக்குத் தெரியாதா? பற்றிக்கொண்டு வந்தது. கரைக்கு வந்து கோடாலியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

விளக்கு நின்ற அஸ்திவாரத்தில் பாதி அதற்குள் கடலில் விழுந்திருந்தது. அந்த ஆபீஸ்காரனிடம் இதை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. சிரில் கம்பத்தடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். வெட்டவா வந்தீங்க? வெட்டுங்க. நாளைக்கு இன்னொண்ணு நடுவேன்."

கோடாலியை ஓங்கினேன். ஓங்கியபோதுதான் பார்த்தேன்.

"குருட்டுப் பயலே! விளக்கு இங்கயாடா இருந்துச்சு? ரெண்டு கெஜம் தள்ளி நட்டிருக்க. இதை நம்பிப் போனா உனக்குச் சேறுதான் மாட்டும்!"

"அதான் மாட்டுது," என்றான்.

கோடாலியை எறிந்தேன். திட்டிக்கொண்டே கம்பத்தைப் பிடுங்கினேன், திட்டிக்கொண்டே தூக்கி நிறுத்தினேன். அவன் அடியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நாள் பிரிச்சுக்கலாமா அத்தான்?"

"சனிக்கிழமை உனக்கு. மத்த நாள் எல்லாம் எனக்கு."

"இது என்ன நியாயம்?"

"நியாயம் வேணும்னா ஃபாதர்கிட்ட போ. இங்க கல்லைத் தூக்கு."