புள்ளி விழாத ஊர்

1

இந்தக் கதைக்குக் காரணம், இதை எழுதுகிற நெடுமாறனின் வாய். அது சும்மா கிடந்திருந்தால் கதையும் இல்லை, ஒரு பெண்ணின் படிப்புக்கு ஆபத்தும் இல்லை.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் லேத் ஓட்டும் நண்பன் புருஷோத்தமன் கைப்பேசியை நீட்டினான். மகள் சிந்துஜாவுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ரொம்பப் பெரிதுமில்லாத, சின்னதுமில்லாத ஒரு நகரம். திரையில் அந்த ஊரின் குற்ற வரைபடம், அம்மை வார்த்த உடம்புபோல முழுக்கச் சிவப்புப் புள்ளி.

“இது இன்னாடா? நாலு எழுத்து எழுதறவன், நீ சொல்லு.”

தெரியாது என்று சொல்ல நெடுமாறனுக்குத் தெரியாது. “கொலைடா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கொலை” என்றான்.

“அப்ப பொண்ணு எங்கயும் போவல.”

2

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘கடற்கரைச் சாலையில் அலைகள் அன்று…’ அடித்தாயிற்று. அலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

நெடுமாறன் வீட்டுக்கு வந்து, அதே வரைபடத்தைத் தன் கைப்பேசியில் திறந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். சைக்கிள் திருட்டு. கார்க் கண்ணாடி உடைப்பு. குடித்துவிட்டு அடுத்தவர் புல்தரையில் தூங்கிய ஆசாமி. கொலையும் இருந்தது. இல்லை என்று எழுதினால் கதை இனிக்கும், ஆனால் இருந்தது.

3

மறுநாள் புருஷோத்தமன் வீட்டுக்குப் போய்ச் சொன்னான்.

“நேத்து கொலைன்ன, இன்னிக்கு சைக்கிள்ன்ற. அதே மாதிரி நம்ம ஊரு படத்தப் பாத்தியா? ஒரு புள்ளி கெடையாது!” என்றான் புருஷோத்தமன்.

உள்ளேயிருந்து சிந்துஜா வந்தாள். “பஸ்ஸ்டாண்டுலேந்து ஒருத்தன் வீடு வரைக்கும் என் பின்னாடியே வந்தானே, போலீசுக்குப் போலாம்னேன். ‘வெளிய தெரிஞ்சா ஊரு சிரிக்கும், வுடு’ன்னு சொன்னது யாருப்பா? அந்தப் புள்ளிய எங்க வச்சிருக்க?”

புருஷோத்தமன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

(இங்கே ஒரு நகைச்சுவை வர வேண்டும். வரவில்லை. கோபம்தான் வருகிறது. அந்த ஊர்க்காரன் காணாமல் போன சைக்கிளுக்குக்கூட ஒரு புள்ளி வைக்கிறான். நாம் பெண்களின் வாயைப் பொத்திவிட்டு, படம் சுத்தமாக இருக்கிறது என்று மீசை முறுக்குகிறோம். நெடுமாறனுக்கும் மீசை உண்டு.)

4

முடிவு ஒன்று: அப்பா கண்கலங்கி ஒப்புக்கொள்கிறான். (புளுகு. தெருவில் முதுகைக் காட்டி நிற்கிறான்.)

முடிவு இரண்டு: அவள் போகிறாள், அங்கே ஒரு நாள் அவளை

(இந்த வாக்கியத்தை நெடுமாறன் முடிக்க மாட்டான்.)

முடிவு மூன்று: அவள் போகவில்லை. நம் படம் வெள்ளையாகவே இருக்கிறது.

வாசகரே, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நெடுமாறனுக்குத் தைரியம் போதவில்லை. “நம்ம ஊரு பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பா தங்கச்சி?” என்று சிந்துஜாவின் அம்மா சிவசங்கரியிடம் கேட்டான். “டீ போடட்டுமாண்ணா?” என்றாள் அவள்.

கடைசியில் சிந்துஜாவிடமே திரும்பினான். “உனக்குப் பயமா இல்லியாம்மா?”

“பயமாத்தான் இருக்கு மாமா. இங்க மட்டும் பயப்படாமயா இருக்கேன்? போறேன்.”