மூன்று விரல் குறைந்த வாசல்

“காரை என் பேருக்கு எழுதிக் குடுங்கப்பா.”

அப்பாவின் கையிலிருந்த சோள ரொட்டி, பீன்ஸ் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அம்மா உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அப்பாகிட்ட எது வேணும்னாலும் கேளு. படிக்கணும்னு கேளு, வேலைக்குப் போறேன்னு கேளு. அந்த ரசீதை மட்டும் கேட்டுடாத யாதிரா” என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவந்தவள் அவள். ரசீது என்றால், கார் வாங்கிய அன்று கடையில் கொடுத்தது. அதன் பின்பக்கத்தில் யார் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோமோ, கார் அவருடையது. எங்கள் வீட்டில் அது குவாதலூப்பே மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. அப்பாவிடம் கேட்டதற்குப் பதில் மாதாவிடமே கேட்டிருக்கலாம்.

“எந்தக் காரு?” என்றார் அப்பா.

“நம்ம வீட்ல எத்தனை நிக்குது?”

“அது ஒங்கண்ணனோடது.”

“அண்ணன் அதை எப்பத் தொட்டான்?”

“தொடணுமா என்ன? அவன் பொறந்த வருஷம், அவனுக்குன்னு வாங்குனது.”

நான் பிறந்த வருஷம் எங்கள் வீட்டில் வாங்கியது ஒரு மிக்ஸி. அது எப்போதோ புகைந்து செத்துப்போனது. அதையாவது என் பெயருக்கு எழுதியிருக்கலாம்.

எதிரில் அண்ணன் எஃப்ராயின் சோளக்கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். வரும் சனிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து மணப்பெண்ணைக் காரில் அழைத்து வரப்போகிறானாம். எந்தக் காரில் என்று நான் கேட்டேன். “என் வோச்சோலதான், வேற எதுல?” என்றான். அந்த ‘என்’தான் என் வாயைத் திறந்துவிட்டது.

வோச்சோ என்றால் எங்கள் குவாட்டெபெக் மேட்டில் விளக்கம் தேவையில்லை. முதுகு உருண்ட, பின்பக்கம் இன்ஜின் வைத்த அந்தச் சின்னக் கார்தான் இந்தச் செங்குத்துத் தெருக்களில் ஏறும். மற்ற ஊர்களில் மியூசியத்துக்குப் போய்விட்டது, இங்கே இன்னும் டாக்ஸி ஓடுகிறது. அப்பாவும் முப்பது வருஷம் வோச்சோ டாக்ஸிதான் ஓட்டினார். எங்கள் வீட்டு வோச்சோ ஞாயிற்றுக்கிழமைக் கார். அது ஒருநாள் மேட்டில் இருமி நின்றது. வளவுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். முன்பக்கப் பெட்டிக்குள் கோழிகள் முட்டையிட்டன. அண்ணன் அதற்குச் செய்த ஒரே பராமரிப்பு, பின்கண்ணாடியில் கால்பந்து ஸ்டிக்கர் ஒட்டியது.

நான் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. சிவில் இன்ஜினியர். பட்டம் வாங்கிய அன்று அப்பா தெருவையே கூப்பிட்டுப் பன்றிக்கறி போட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இன்டர்வியூ இன்டர்வியூவாகப் போனேன். “சைட்ல ஆம்பளைங்களை சமாளிச்சிடுவீங்களா மிஸ்?” என்று கேட்டு, ரிசப்ஷனில் உட்காரச் சொன்னார்கள். கடைசியாக அப்படிக் கேட்டவனிடம், “இப்ப உங்க ஒருத்தரைச் சமாளிச்சிட்டிருக்கேனே, தெரியலையா?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் வந்தால் சிலர் முடியை வெட்டிக்கொள்வார்கள். நான் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தேன். ஒரு கோழி என் மூஞ்சியில் பறந்தது. அதுதான் தொடக்கவிழா.

கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை வைத்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது, அதாவது வீட்டுத் தரைக்கு. காருக்குத் தரையே இல்லை. துருவுக்கு மேல் ரப்பர் பாய் விரித்து இத்தனை நாள் ஊரை ஏமாற்றியிருக்கிறது.

வேலையைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றேன். நல்ல வீடியோக்கள் எல்லாம் ஒரு பிரேசில்காரர் போட்டது. அவர் பேசும் போர்த்துகீசியம் எனக்குப் பாதி புரியும். புரியாத பாதியில்தான் எப்போதும் முக்கியமான விஷயம் இருந்தது. கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தேன். முதல் தடவை சுத்தம் செய்ய, இரண்டாவது தடவை முதல் தடவை தலைகீழாக வைத்ததைச் சரி செய்ய, மூன்றாவது தடவை சரியாக இருந்ததை நம்பாமல். வெல்டிங் பழகியதில் ஒரு சட்டையின் கை போனது, ஒரு புருவமும் போனது. புருவம் திரும்ப வந்தது.

பெயின்ட் கதையைச் சொல்லவே வேண்டாம். டப்பாவில் வானநீலம் என்று போட்டிருந்தது. அடித்துக் காய்ந்ததும் அரசு ஆஸ்பத்திரிச் சுவரின் நிறத்துக்கு வந்து நின்றது. “நல்லாத்தான் இருக்கு, உள்ள போனா ஊசி போட்ருவாங்கன்னு பயமா இருக்கு, அவ்வளவுதான்” என்றான் எஃப்ராயின்.

முதல்முறை இன்ஜின் ஓடிய அன்று கொன்சுவேலோ அத்தை போட்டோ எடுக்க வேண்டும் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வோச்சோவுக்குப் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். அதன் மேல் ஒரு மூடி இருக்க வேண்டும் என்பது பிரேசில்காரர் சொன்னதில் எனக்குப் புரியாத பாதி. அத்தை சாதாரணமான ஆள் இல்லை. சீட்டின் ஸ்பிரிங் அப்படியே இறங்கிப் பேட்டரியைத் தொட்டது.

“அடியே, எனக்குக் கீழ யாரோ அடுப்பு மூட்டுறாங்கடீ!”

அத்தையை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அதற்குப் பிறகு அவள் என்னை யாதிரா என்று கூப்பிடுவதில்லை. தெருமுனையிலிருந்தே, “என்ன இன்ஜினியரம்மா, இன்னிக்கு யாரை வறுக்கப்போற?” என்பாள்.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு உண்மையிலேயே ஒரு வேலை வந்தது. வடக்கே எர்மொசியோவில் ஒரு பாலம் கட்டுகிறார்கள், சைட் இன்ஜினியர் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ரிசப்ஷன் இல்லை, சைட். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குடும்பக் காரணம், கொஞ்சம் டைம் வேணும்.” குடும்பக் காரணம் என்பது பிரேக் டிரம். வண்டியை முடித்து, அதை ஓட்டிக்கொண்டே வடக்கே போக வேண்டும் என்று ஒரு கற்பனை. ஜன்னலில் முழங்கை, இரண்டு பக்கமும் பாலைவனம். அவர்கள் பெரிய மனது வைத்துத் திங்கட்கிழமை வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். இன்று ஞாயிறு.

“ரசீதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றான் எஃப்ராயின், வாயைத் துடைத்துக்கொண்டு. “முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன். சாவி குடு.”

“ஓட்டு” என்றேன். ஓட்டட்டும் என்று எனக்கும் இருந்தது. வண்டி ஓடுவதை அப்பா பார்க்கட்டும், பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஒரே திருகில் இன்ஜின் பிடித்தது. தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற அந்தச் சத்தம். அப்பா வாசற்படிக்கு வந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. குறை கண்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மௌனத்துக்காகத்தான் ஒரு புருவத்தைக் கொடுத்திருந்தேன். எஃப்ராயின் கையை ஆட்டிக்கொண்டே கேட்டை நோக்கி நகர்த்தினான்.

கிர்ர்ரக்.

வலது பக்கம் கேட் தூண். இடது பக்கம் மாடிப்படி. நடுவில் வோச்சோ, பாட்டில் கழுத்தில் மாட்டிய கார்க் மாதிரி.

எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மாடிப்படி எஃப்ராயினுக்காகக் கட்டியது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் குடியிருக்க மேலே ஒரு தளம் எழுப்பினோம். இங்கே யார் வீடும் ஒரேயடியாகக் கட்டி முடிவதில்லை. பிள்ளைக்குப் பெண் பார்த்தால் மேலே ஒரு தளம் முளைக்கும், அதற்கும் மேலே அடுத்த பிள்ளைக்காகக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கான்கிரீட் போட்ட அன்று தெருவே வந்து வாளி தூக்கியது. நானும் தூக்கினேன். தூக்கியது மட்டுமா? படியின் உயரம், அகலம், திருப்பம் எல்லாம் என் கணக்கு. யார் தலையும் இடிக்காத படி என்று பெருமையாகப் பன்றிக்கறி சாப்பிட்டேன். ஐந்து வருஷம் படித்த சிவில் இன்ஜினியர், தானே பழுது பார்க்கிற காரைத் தானே படி கட்டி அடைத்திருக்கிறாள். இதைவிடப் பெரிய மடத்தனம் செய்ய வேண்டுமென்றால் மேல்படிப்பு படிக்க வேண்டும்.

“மூணு விரல்தான் இடிக்குது” என்றார் சத்தம் கேட்டு ஓடிவந்த சில்வேரியோ சித்தப்பா, கையை வைத்து அளந்து. அந்தப் படியைக் கட்டிய கொத்தனார் அவர்தான். “நான் அன்னிக்கே கேட்டேன். ‘அண்ணே, காரு?’ன்னு கேட்டேனா இல்லையா?”

கேட்டார். எனக்கும் ஞாபகம் வந்தது. சித்தப்பா கரண்டியும் கையுமாக நின்று கேட்டார். அதற்கு அப்பா, “அது எங்க போகப்போவுது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காருக்கு அடியில் படுத்திருந்த நானும் சிரித்தேன். இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. அந்த வண்டி வெளியே போகும் என்று இந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. பிள்ளை பொழுதுபோக்குகிறது, துடைத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று இருந்திருக்கிறார்கள். வாசலை அளக்காமல் படிக்குக் கணக்குப் போட்ட நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

“படியை ஒரு ஓரம் செதுக்கிடலாமா?” என்றேன்.

“என்ன பேசற? அது ஒங்கண்ணன் வீட்டுப் படி!” என்றார் அப்பா.

“அப்ப தூணை இடி” என்றான் எஃப்ராயின்.

“அது என் வீட்டுத் தூணு.”

“அப்ப ரெண்டு பேர் பின்னால நின்னு ஒரு தள்ளு தள்ளுங்க. கொஞ்சம் நசுங்கினா நசுங்கட்டும்” என்று அவன் சம்மட்டியை எடுத்து மட்கார்டின் ஓரத்தை உள்பக்கம் மடக்கப் போனான். அந்த மட்கார்டை ஒரு மாதம் தேய்த்தவள் நான்.

“கையை எடு!”

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாயே உட்கார்ந்துவிட்டது.

வோச்சோவின் மட்கார்டுகள் நான்கும் போல்ட்டில் நிற்பவை. கழற்றினால் வண்டி கொஞ்சம் ஒல்லியாகும். மூன்று விரல் கிடைக்கும். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

“கழட்டும்மா. ஒன்னை விட்டா யாருக்குத் தெரியும்?” என்றார், என்றைக்கும் இல்லாத குரலில்.

“ரசீது?”

“கல்யாண நேரத்துல பேரம் பேசாத. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் காரு? நாளைக்கு ஒனக்கும் ஒருத்தன் வருவான், கார் வச்சிருப்பான்.”

வண்டியைப் பின்னால் தள்ளச் சொன்னேன். பம்பர், விளக்கு வயர்கள், பிறகு போல்ட்டுகள். எல்லாம் நானே புதிதாகப் போட்டவை, வெண்ணெய் மாதிரி வந்தன. கழற்றியவற்றைத் தயிர் டப்பாவில் போட்டேன். கடைசி மட்கார்டு கைக்கு வந்தபோது எனக்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, கிரீஸ் விரலால் போனில் “நாளைக்கு வருகிறேன்” என்று எர்மொசியோவுக்கு அனுப்பினேன். நான்கு எழுத்துப்பிழையோடு போனது. பரவாயில்லை, பாலத்தில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வண்டியை எல்லோருமாகத் தள்ளினார்கள். தூணுக்கும் படிக்கும் நடுவில், உரித்த கோழி மாதிரி, என் வோச்சோ தெருவுக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் கைதட்டினார்கள். கொன்சுவேலோ அத்தை, “அம்மணமா நிக்குதே, யாராவது துணி போத்துங்கடீ!” என்றாள்.

நான் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன். அம்மா வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“கேக்காதன்னு சொன்னேன்ல?”

“கேட்டதாலதாம்மா தெரிஞ்சுது.”

அவள் கொஞ்ச நேரம் என் பட்டப்படிப்புப் போட்டோவைப் பார்த்தாள். “நான் இந்த வீட்ல ஒண்ணும் கேட்டதில்லடி” என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. சோள இலையில் சுருட்டி அவித்த நாலு தமாலேயை என் பெட்டியில் சட்டைகளுக்கு மேல் வைத்தாள்.

வளவுக்கு வந்தபோது அப்பா பேனாவும் ரசீதுமாக நின்றிருந்தார். தெரு கைதட்டியது அவருக்குள் என்னவோ செய்திருக்க வேண்டும்.

“சரி, வா. பாதி ஒனக்கு, பாதி அவனுக்குன்னு எழுதறேன்.”

“எந்தப் பாதிப்பா? பின்பாதியில இன்ஜின் இருக்கு. முன்பாதியில கோழிமுட்டை.”

“வெளையாடாத. பெட்டி எதுக்கு?”

“வேலைக்குப் போறேன். முழுசும் அண்ணன் பேருக்கே எழுதுங்க.”

“ஏய், குடுக்கறேங்கறேன், வேணாங்கற? கோவத்துல பேசாத.”

“கோவத்துலதாம்ப்பா பேசறேன். ஆனா யோசிச்சிட்டேன்.”

பேனா அவர் கையிலேயே இருந்தது. கேட்டைத் தாண்டும்போது பெட்டியின் மூலை மாடிப்படியில் இடித்தது. என் கணக்கு.

தெருவில் எஃப்ராயின் வோச்சோவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தயிர் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு, ஒரு மட்கார்டை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பானர் வழுக்கி வழுக்கி ஓடியது. கையில் வைத்திருந்தது பதினாலாம் நம்பர்.

“யாதிரா, இது பிடிக்கவே மாட்டேங்குதே. எங்க போற நீ? எந்த ஸ்பானர்டீ இதுக்கு?”

பதிமூன்று. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு, மேட்டில் இறங்கி நடந்தேன்.