அண்ணன் பெயரில் ஒரு பூச்சி

எங்கள் தூண்டில் கடையில் பூச்சி கட்டுவது நான், பேசுவது அண்ணன். ட்ரவுட் மீனை ஏமாற்ற, முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்கிற போலிப் பூச்சி. பதினெட்டு வருடம் குனிந்து குனிந்து என் கழுத்து கோணிவிட்டது. அண்ணனுக்கு வாய் மட்டும் தேயவே இல்லை.

ட்ரவுட் விரும்பித் தின்கிற கேடிஸ் பூச்சி ஆற்றடியில் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு புழுவாகக் கிடக்கும். கூட்டை அடைத்துக்கொண்டு உருமாறும். பிறகு அதைக் கடித்து வெளியேறி, நீர்மட்டத்துக்கு எழும்பிப் பறந்துவிடும். எல்லோரும் பறக்கிற பூச்சியைத்தான் கட்டினார்கள். நான் சமையலறையில் மீன் குடலைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இறக்கை முளைத்த பூச்சி ஒன்றுகூட இல்லை, எல்லாம் கூட்டை விட்டு வந்த அரைகுறைப் பூச்சிகள். எழும்பும் வழியிலேயே மீன் விழுங்கியிருக்கிறது. இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்த நடுப்பருவத்தைக் கட்டினேன். வாங்கிப்போனவர்கள் கூடை நிறைய மீனோடு வந்தார்கள். அண்ணன் அதற்குத் தன் பெயரை வைத்துவிட்டான்.

"யார் பேர் இருந்தா என்னம்மா? ஒரே குடும்பம்தானே."

"அப்போ என் பேரையே வைக்கலாமேண்ணா?"

சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தப் பூச்சியைப் பற்றி எழுத வருவதாகத் தகவல் வந்தது. "தங்கச்சி கட்டினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா, போதும்" என்று கெஞ்சினேன்.

"சொல்றேன், சொல்றேன்."

ஆற்றங்கரையில் அவர் கேட்டார்: "இது யாரோட யோசனை?"

"ராப்பகலா நான் உட்கார்ந்து யோசிச்சது சார்" என்றான், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

பிறகு டப்பாவைத் திறந்து என் பூச்சிக்கு மிதக்கவைக்கிற மெழுகைத் தடவினான். பறக்கிற பூச்சிக்குத் தடவித் தடவிப் பழகிய கை. இதுவோ மூழ்க வேண்டிய பூச்சி. அடிவரை இறக்கி, மெல்லத் தூக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுப்பது நான்தான். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பூச்சி தக்கை மாதிரி மிதந்தது. கீழே மீன்கள் புரண்டன, ஒன்றும் மேலே வரவில்லை. மதியத்துக்குள் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இனித்தது.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. அண்ணனின் படம், அண்ணனின் யோசனை, அண்ணனின் உழைப்பு. கடைசி வரியில் நானும் இருந்தேன்: "அன்று மீன் சிக்காததற்குக் காரணம், பூச்சியைக் கட்டிய தங்கையின் கவனக்குறைவு என்கிறார்."