மாவுக்காரியின் மேல் ஒரு கட்டைவிரல்

வீட்டில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. பெட்டியைப் பிரிக்காமல் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, உள்ளே ஒன்று குறைகிறது என்பாள். குறைந்துதான் இருக்கும். அப்படிப்பட்டவளின் கண்ணிலேயே யாரோ மண்ணைத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றில் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவளுக்கு, வேலைக்குப் போகாதே, குனியாதே, எதையும் தூக்காதே என்று ஏகப்பட்ட உத்தரவுகள். ஜன்னலோர அலமாரியில் இருக்கும் தொட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். எல்லாம் ரோஜாப்பூப்போல இலை அடுக்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் சதைச்செடிகள். கடையில் சக்குலன்ட் என்பார்கள். இவள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தாள். வெயில் போதாமல் கழுத்து நீண்டவள் நெட்டச்சி. குட்டி போட்டே தொட்டியை நிரப்பியவள் பிள்ளைக்காரி. இலையெல்லாம் வெள்ளைப்பொடி படிந்தவள் மாவுக்காரி. அந்தப் பொடி செடி தானே பூசிக்கொள்வது. விரல் பட்டால் அழிந்துவிடும், அழிந்த இடத்தில் மறுபடி வராது. அதனால் அந்த அலமாரிப் பக்கம் யாருக்கும் அனுமதியில்லை. கணவர் ஒருமுறை பாசம் பொங்கித் தண்ணீர் ஊற்றி ஒருத்தியை அழுகவைத்த பிறகு அவருக்கும் தடை.

ஒரு நாள் காலையில் பிள்ளைக்காரியின் அடிவரிசையில் ஓர் இலையைக் காணவில்லை. தானாக விழுந்திருந்தால் சருகு கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. பக்கத்துத் தொட்டியைத் திருப்பினாள். அதிலும் ஓர் இலை போயிருந்தது, சுவர்ப்பக்கமாக. மாவுக்காரியைத் தவிர எல்லாத் தொட்டியிலும் அதே கதை.

விஷயம் தெரிந்த கைதான். இந்தச் செடிக்கு விதை வேண்டியதில்லை, ஓர் இலை போதும். மண்மேல் கிடத்தினால் அதன் அடியில் வேர் விட்டு, மிளகளவில் ஒரு குட்டி முளைக்கும். வருஷக்கணக்காகத் தேடித்தேடிச் சேர்த்ததையெல்லாம் ஒருத்தி கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்விடலாம். உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார்கள். இதுவும் போனால் எனக்கென்று என்னதான் மிச்சம் என்று நினைத்தாள்.

சந்தேகம் நேராகப் போய் நின்ற இடம் நாத்தனார். கணவரின் அக்கா. தினமும் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போகிறாள், தோளில் ஒரு பெரிய பையோடு. அதைவிட முக்கியமான சாட்சியம் ஒன்று இருந்தது. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் அது. இப்போது வாய் திறந்தால் தேன் ஒழுகுகிறது. உப்பு அதிகம் என்றால் மறுபேச்சில்லாமல் வேறு வைத்துத் தருகிறாள். சும்மா ஒருத்தி இப்படித் திருந்துவாளா?

நாத்தனார் அடுப்படியில் இருந்தபோது சி.ஐ.டி. பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடி, சீப்பு, மடித்த துண்டு. துண்டை உதறிக்கொண்டிருந்தபோது கையில் கரண்டியோடு நாத்தனார் வாசலில் நின்றாள். பழைய நாத்தனாராக இருந்தால் அன்றைக்கு வீடு ரெண்டாகியிருக்கும்.

“என்ன வேணும்னு கேட்டா நானே எடுத்துத் தரமாட்டேனா?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

சந்தேகமே இல்லை, இவள்தான் என்று சி.ஐ.டி. முடிவு கட்டினாள்.

அடுத்த நாள் மாவுக்காரியும் ஓர் இலை இழந்திருந்தாள். ஆனால் அங்கே திருடர் கோட்டைவிட்டிருந்தார். பக்கத்து இலையில் பொடி அழிந்து கட்டைவிரல் பதிந்திருந்தது. நல்ல அகலம். நடுவில் சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு, அந்த இடத்தில் மட்டும் விரல் படாததுபோல. நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தபோது டம்ளரைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள். ஒல்லிக்குச்சி. ஒத்துவரவில்லை.

சாயங்காலம் கணவர் மாத்திரையை நீட்டினார். அவர் தச்சர். எப்போதோ உளி இறங்கிய தழும்பு, கட்டைவிரலில் சாய்வாக ஒரு பள்ளமாகவே நின்றுவிட்டிருந்தது. அன்று துணி சுற்றிக் கட்டியதே இவள்தான். மாத்திரையை வாங்காமல் அந்த விரலையே பார்த்தாள். இந்த மனிதர் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்? நான் படுக்கையில் கிடந்த நேரத்தில் எவள் ஜன்னலில் இதெல்லாம் முளைக்கிறது?

மறுநாள் நாத்தனார் கடைக்குப் போனதும், தையல் போட்ட இடத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த பட்டறைக்கு மெல்ல நடந்தாள். அவர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. முதுகால் எதையோ மறைத்தார்.

“நகருங்க,” என்றாள்.

ஜன்னலடியில் ஒரு மரத்தட்டு. இழைத்து வழவழப்பாக்கிய சின்னச் சின்ன அறைகள், வீட்டு அலமாரியில் இருக்கும் அதே வரிசையில். அறைக்கு ஓர் இலை. சில கறுத்து அழுகியிருந்தன. சில பாதியில் பிய்ந்தவை, முளைக்காது. மூன்று நான்கில் மட்டும் சிவந்த வேரும் பொடிக்குட்டிகளும்.

“யாருக்கு இது?”

“எனக்குத்தான். வளர்க்கக் கத்துக்கலாம்னு. உன் செடியில நேரா கைவெக்கப் பயமா இருந்துச்சு.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, இப்ப எதுக்குன்னு கேட்டிருப்ப.”

இப்ப எதுக்கு என்று கேட்கத்தான் அவளும் வாயெடுத்தாள். கேள்வி பாதியிலேயே நின்றது. நாத்தனாரின் தேன் பேச்சு. கேட்காமலே விடுமுறையை நீட்டிக்கொடுத்த கிடங்கு மேலாளர். அறைக்கு வெளியே கணவரை மட்டும் தனியாக அழைத்துப் பேசிய டாக்டர். யார் யாரையோ சந்தேகப்பட்டவள், எல்லாம் சரியாயிடுச்சு என்று அவர்கள் சொன்னதை மட்டும் சந்தேகப்படவேயில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

“கட்டியை முழுசா எடுக்கலையா?”

“எடுக்க முடியலையாம்.”

கோபம் தலைக்கேறியது. எல்லோரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று கத்தினாள். கத்த முடியாமல் வயிறு இழுத்தது, அதற்கும் சேர்த்து அழுதாள். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மறைத்தது தப்புதான், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். கண் தன்னிச்சையாகவே தப்பைத் தேடியது. அழுகியவற்றைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

“இந்தக் குட்டியெல்லாம் ஒரு செடின்னு ஆக ஒரு வருஷமாவது ஆகும். அவ்வளவு நாள் இருக்குன்னு டாக்டர் சொன்னாரா?”

நேருக்கு நேர் கேட்டால் அவருக்குப் பொய் சொல்ல வராது. இழைப்புளியில் ஒட்டியிருந்த சீவலை எடுப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் இலைத்தட்டை ஒதுக்கி வைத்தாள்.

“அப்ப இலையில கத்துக்க வேணாம், ரொம்ப நாள் இழுக்கும். செடியோட தலையை வெட்டி நடுறது ஒண்ணு இருக்கு. சீக்கிரமே வேர் விட்டுரும். நாளைக்குக் காலையில உங்க கையாலயே ஒண்ணை வெட்டுங்க,” என்றாள்.