கேட்லாக் கம்பி

1987, ஆடி முதல் வெள்ளி. காலையிலேயே சாரல் பிடித்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் தென்காசி மைய நூலகத்தில், கேட்லாக் அலமாரியின் இழுப்பறைகளை உருவித் தரையில் வைக்கச் சொன்னாள் நூலகர் குழல்வாய்மொழி. புத்தக விவர அட்டைகளைக் கோத்துப் பிடித்திருந்த இரும்புக் கம்பிகளை அட்டெண்டர் பரமசிவன் திருகிக் கழற்றினார். முழ நீளம், சுண்டுவிரல் கனம்.

"பயலுவ சண்டைக்கு வருவானுவ, பாத்துக்கிடுங்க."

"வரட்டும் அண்ணாச்சி. அட்டை இருக்குத வரைக்கும் அந்த ரூமுக்குள்ள ஒருத்தன் காலு வைக்க மாட்டான்."

அந்த ரூம் என்பது நூலக வாசலை ஒட்டியிருந்த ஏசி அறை. தை மாதம் வந்த கம்ப்யூட்டர் அங்கே உறை போட்டு இருந்தது. இங்குள்ள புத்தகங்களின் பெயர்களை எல்லாம் அவளே விரல் நோகத் தட்டி அதில் ஏற்றியிருந்தாள். திருநெல்வேலித் தலைமை நூலகத்தின் பட்டியலும் பிளாப்பியில் வந்திருந்தது. யாரும் வரவில்லை. ஷாக் அடிக்கும் என்றார்கள், கண் போய்விடும் என்றார்கள். சாரல் சீசன் முடிவதற்குள் மாணவர்கள் தொடவில்லை என்றால் கம்ப்யூட்டரை அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குத் தூக்கிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். தினமும் வருகிறவன் ஒருவன்தான். வடகரை முப்பிடாதி. வாசலில் செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துக்கொண்டு வருவான்.

"கம்பிய எங்கன போட?" என்றார் பரமசிவன்.

வாசலோரம் நனைந்த குடைகளைப் போடும் வாளியை அவள் திரும்பிப் பார்க்காமலே கைகாட்டினாள்.

பதினோரு மணிக்கு அவள் நினைத்தது நடந்தது. அலமாரி காலியாக இருப்பதைக் கண்டு மாணவர்கள் திட்டினார்கள், பிறகு ஒவ்வொருவனாக ஏசி அறைக்கு வந்தார்கள். முப்பிடாதிதான் உட்கார்ந்து அவர்களுக்குத் தேடிக் கொடுத்தான். வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றாள் குழல்வாய்மொழி. இத்தனை நாளில் அவள் பார்த்த நல்ல காட்சி அது.

அவர்களில் ஒருவனான சங்கரபாண்டி, புத்தகம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், வாசலில் நின்றான்.

"ஏலே, என் செருப்பு மேல ஏறிக் கெடக்கது யார் செருப்பு?"

"என்னுதுதான்" என்றான் முப்பிடாதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தள்ளி வச்சிட்டு எடுத்துக்கிடு."

"நான் தொட்டுத் தள்ளணுமாலே? ஒங்க அய்யன் எங்க தெருவுல செருப்பக் கையில தூக்கிட்டுல்லா போவாரு. தொரை ஏசி ரூம் வாசல்ல போடுதாராம்."

ஒருவன் சிரித்தான். முப்பிடாதி எழுந்து வந்தான். சங்கரபாண்டி அவன் செருப்பை மழையில் உதைத்துத் தள்ளினான். பிறகு தன் செருப்பை எடுத்து முப்பிடாதியின் கன்னத்தில் அடித்தான். மறுபடியும் அடித்தான். முப்பிடாதியின் கை வாளிக்குள் போனது. குடை என்றுதான் அவள் நினைத்தாள்.

முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. இழுப்பறையை அறைந்து சாத்துகிற சத்தம். இரண்டாவது வாயில். பல் தெறித்து அவள் சேலையில் பட்டது. அவன் விழுந்த பிறகும் முப்பிடாதி நிறுத்தவில்லை.

"போதும்லே! செத்துருவான்லே!"

அது தன் குரல் என்று அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் வெறுங்காலோடு மழையில் ஓடினார்கள். ரத்தம் செருப்புகளுக்கு இடையில் வழி கண்டுபிடித்து ஓடியது.

சாயங்காலம் எஸ்.ஐ. தளவாய் வந்தார். ஆஸ்பத்திரியில் சங்கரபாண்டிக்கு இன்னும் நினைவு வரவில்லை. வெளியே ஜீப்பில் முப்பிடாதி குனிந்து உட்கார்ந்திருந்தான். எஸ்.ஐ. மேஜைமேல் துணியை விரித்தார். உள்ளே அந்தக் கம்பி.

"வீட்டுல இருந்தே இடுப்புல சொருவிட்டு வந்தான்னு பயலுவ சொல்லுதானுவ. அப்படின்னா கொல செய்யத் திட்டம் போட்டு வந்தவன். லேசுல வெளிய வர மாட்டான். இங்கன கெடந்ததுன்னா, ஆத்திரத்துல எடுத்து அடிச்சிட்டான். அப்பம் இத வாசல்ல போட்டது யாருன்னு ஒங்க ஆபீசுல கேப்பாவ."

பரமசிவன் அவள் பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "மிச்சக் கம்பியளப் பரண்ல ஏத்திட்டேம்மா."

வாளியில் குடைகள் மட்டும் இருந்தன. ஏசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே திரையில், யாரோ தேடிய புத்தகத்தின் பெயர் பாதியில் நின்றது.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்கம்மா. இந்தக் கம்பி எங்கன இருந்து வந்துச்சு?"